ஹோர்ட்டன் விமானத்துக்கு ஸ்டெல்த் பட்டம் வேண்டாம்

போர் விமானங்களின் வரலாற்றைத் தமிழில் காணொளிகளாகச் சொல்லிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதையே உங்கள் குரலில் முதன்முதலாகக் கேட்கும் பள்ளி மாணவர்கள் ஏராளம். அந்தப் பொறுப்பு உங்களிடம் இருப்பதால்தான் இந்த மடல். 'ஹிட்லரின் ஸ்டெல்த் விமானம்', அதாவது ரேடாரில் எளிதில் சிக்காத விமானம், என்ற கதையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் ஹோர்ட்டன் சகோதரர்கள் வடிவமைத்த வாலில்லாத விமானத்தையும் அமெரிக்காவின் பி-2 ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானத்தையும் அருகருகே காட்டி, இதிலிருந்துதான் அது வந்தது என்று முடித்துவிடுகிறீர்கள். இரண்டும் பார்வைக்கு ஒத்திருக்கின்றன என்பதைத் தவிர அந்த முடிவுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

1943-இல் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் கேட்டவை மூன்று: 1,000 கிலோ குண்டு, 1,000 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகம். ரேடாரிடமிருந்து ஒளிவது அந்தப் பட்டியலில் இல்லை. வால்ட்டர், ரைமர் சகோதரர்கள் இறக்கையை மட்டுமே விமானமாக்கியது காற்றின் தடையைக் குறைக்கத்தான். ஜெட் எஞ்சின் பொருத்திய முன்மாதிரி 1945 பிப்ரவரி 2 அன்று ஒரானியன்பர்க்கில் பறந்தது. அதே மாதம் 18-ஆம் தேதி ஓர் எஞ்சின் செயலிழந்து விழுந்ததில் விமானி எர்வின் சில்லர் இறந்தார். அடுத்த முன்மாதிரி முடிவதற்குள் ஃப்ரீட்ரிக்ரோடாவில் அமெரிக்கப் படையிடம் சிக்கியது. அது ஒருபோதும் பறக்கவில்லை. இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த விமானம்தான்.

அப்படியானால் ஸ்டெல்த் எங்கிருந்து வந்தது? போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, ஒட்டுப்பலகைக்கு இடையிலான பசையில் கரித்தூள் கலந்து ரேடார் அலையை உறிஞ்சச் செய்யத் திட்டமிட்டதாக ரைமர் ஹோர்ட்டன் சொன்னார். உலகம் ஸ்டெல்த் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு வந்த பேச்சு அது. ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் எஞ்சியிருக்கும் விமானத்தின் மரத்தையும் பசையையும் சோதித்தபோது கரித்தூள் கலந்ததற்கான சான்று கிடைக்கவில்லை.

கரித்தூள் இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? பிரிட்டனின் 'செயின் ஹோம்' ரேடார்கள் 20 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கின. அந்த அலையின் நீளம் 10 முதல் 15 மீட்டர். சாதாரணக் கரிப்பூச்சு ஓர் அலையை நன்றாக விழுங்க வேண்டுமானால், அது அந்த அலைநீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு தடிமனுடன் இருக்க வேண்டும். 12 மீட்டர் அலைக்கு மூன்று மீட்டர்! அவ்வளவு தடித்த தோலுடன் எந்த விமானம் மேலே எழும்பும்? அந்த விமானத்தின் இறக்கை விரிவே ஏறத்தாழ 16.8 மீட்டர்தான். அலையின் நீளமும் விமானத்தின் அளவும் நெருங்கிவரும்போது விளிம்பைச் சீவுவதாலோ வளைவை மாற்றுவதாலோ பெரிதாக எதுவும் ஒளியாது. அதோடு விமானத்தின் நடுப்பகுதி எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம். முன்னால் இரண்டு ஜெட் எஞ்சின்களின் வாய்கள் திறந்தபடி இருந்தன. சுழலும் உலோகத் தகடுகள் குறுகிய அலைகளை நன்றாகவே திருப்பி அனுப்பும். இன்றைய ஸ்டெல்த் விமானங்களில் எஞ்சின் முகத்தை வளைந்த குழாய்க்குள்ளோ வலைத் தட்டிக்குப் பின்னாலோ மறைப்பது இதனால்தான்.

நார்த்ராப் கிரம்மன் நிறுவனம் முழு அளவு மாதிரி ஒன்றைச் செய்து ரேடார் சோதனை நடத்தியதே என்று கேட்பீர்கள். 2009-இல் ஒளிபரப்பான ஆவணப்படம் அதைக் காட்டியது. அந்தச் சோதனையில் கண்டறியப்படும் தொலைவு ஒரு சாதாரணச் சண்டை விமானத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைந்தது. அதுவும் கரிப்பூச்சு இருந்ததாக வைத்துக்கொண்டு செய்த மாதிரியில். இதை 'கண்ணுக்குத் தெரியாத விமானம்' என்று சொல்வது மாணவர்களை ஏமாற்றுவது.

பி-2 விமானத்தின் வடிவத்துக்கு முன்னோடி தேடினால் அமெரிக்காவிலேயே இருக்கிறார். ஜாக் நார்த்ராப்பின் என்-1எம் 1940-இலேயே பறந்துவிட்டது. 1946-இல் பறந்த அவருடைய எக்ஸ்பி-35 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை விரிவு 172 அடி. பி-2-க்கும் அதே 172 அடிதான்.

ஸ்டெல்த்தின் உண்மையான பிறப்பிடம் ஒரு கணிதப் புத்தகம். விளிம்புகளில் மின்காந்த அலைகள் எப்படிச் சிதறுகின்றன என்பதைக் கணக்கிடும் முறையை மாஸ்கோவில் பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1962-இல் வெளியிட்டார். அமெரிக்க விமானப்படை 1971-இல் அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து, ஒரு வடிவம் எவ்வளவு ரேடார் அலையைத் திருப்பும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடும் நிரலை உருவாக்கினார். அன்றைய கணினிகளால் தட்டைப் பரப்புகளைத்தான் கணக்கிட முடிந்தது. அதனால்தான் 1977-இல் பறந்த ஹேவ் ப்ளூ என்ற சோதனை விமானமும் 1981-இல் பறந்த எஃப்-117-ம் பட்டை தீட்டிய கல்லைப் போல இருந்தன. உலகின் முதல் ஸ்டெல்த் போர் விமானத்தில் ஹோர்ட்டனின் வளைவு ஒன்றுகூட இல்லை என்பதை எந்தக் காணொளியிலும் நீங்கள் சொல்வதில்லை.

ஜெர்மானியரின் உண்மையான பங்கைச் சொல்லுங்கள், நான் ரசித்துக் கேட்பேன். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையை 1935-இலேயே ரோமில் முன்வைத்தவர் அடால்ஃப் புஸெமான். பெங்களூருவில் ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்த இந்தியப் போர் விமானமான மாருத் 1961-இல் பறந்தது. ரேடாரிலிருந்து ஒளிய வேண்டும் என்று ஜெர்மனி உண்மையாகவே பாடுபட்டது கடலில்தான். நீர்மூழ்கிகளின் மூச்சுக்குழாய் முனைகளுக்கு அலை உறிஞ்சும் உறை போட்டார்கள். அங்கே எதிரி ரேடாரின் அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர் என்பதால் சில சென்டிமீட்டர் உறையே போதுமானதாக இருந்தது.

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறு. ஹோர்ட்டன் விமானத்தில் பொருத்திய அதே யூமோ 004 வகை எஞ்சின்கள் நார்ட்ஹவுசன் அருகே மலைச் சுரங்கங்களிலும் தயாராயின. அதே சுரங்கங்களில் வி-2 ராக்கெட்டுகளைச் செய்ய வைக்கப்பட்டவர்கள் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாம் கைதிகள். அந்த முகாமுக்குள் சென்ற சுமார் 60,000 பேரில் மூன்றில் ஒருவர் உயிருடன் வெளியே வரவில்லை. 'காலத்தை மிஞ்சிய நாஜி அறிவியல்' என்று பின்னணி இசையோடு நீங்கள் சொல்லும்போது அந்தக் கைதிகள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளின் விளக்கக் குறிப்பில் ஒரு திருத்தம் சேருங்கள். அடுத்த முறை ஸ்டெல்த் பற்றிப் பேசும்போது உஃபிம்ட்சேவிலிருந்து தொடங்குங்கள். அலைச் சிதறலை எளிய தமிழில் விளக்குவது கடினம்தான். ஆனால் அதைவிடக் கடினமானவற்றை நீங்கள் விளக்கி நான் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் பார்வையாளன்