3 மி.மீ. வெட்டும் என்று விற்ற ஷியரிங் மிஷின் 18 கேஜ் தகட்டை மடிக்கிறது

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தகடு வெட்டும் 8 அங்குலக் கை ஷியரிங் மிஷினை மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக

ஐயா, வணக்கம்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். புகார் எண் கொடுக்கிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் அப்படி ஒரு எண்ணே சிஸ்டத்தில் இல்லை என்கிறார்கள். அதனால் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

பொள்ளாச்சியில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறேன். கொப்பரை உலர்த்தும் டிரே, ஹாப்பர், இந்த மாதிரி. இதுவரை கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டுத்தான் வெட்டினேன். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டின் ஓரம் சூட்டில் நீலம் பாய்கிறது, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் பூச்சு கருகி அந்த இடத்தில் துரு ஏறுகிறது. கால் மிதி மிஷினுக்கு ஷெட்டில் இடமில்லை. மேஜையில் போல்ட் போட்டு நிறுத்தும் கை மிஷின் போதுமா என்று உங்கள் விற்பனையாளரிடம் கேட்டேன். டிரேக்கு 18 கேஜ் (1.2 மி.மீ. கனம்), ஓரச் சட்டத்துக்கு 16 கேஜ் (1.6 மி.மீ.), இரண்டும் 304 ரக எஸ்.எஸ். என்று தெளிவாகச் சொன்னேன். "3 மி.மீ. வரைக்கும் வெண்ணெய் மாதிரி வெட்டும் சார்" என்றார்.

வெட்டவில்லை. 18 கேஜ் தகடு பாதி வெட்டுப்பட்டு, மீதி மடிந்து இரண்டு பிளேடுக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. கைப்பிடியை மேலே தூக்கவும் முடியாது, தகட்டை இழுக்கவும் முடியாது. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொன்னால் உங்கள் கஸ்டமர் கேர் என்ன சொன்னது தெரியுமா? கைப்பிடியில் ஒரு பைப்பை மாட்டி நீளமாக்கி இழுக்கச் சொன்னது. சொன்னபடி செய்தேன். அப்புறம் கோவை கணபதியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனால், கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பைப் போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்கிறார் அங்கிருந்தவர். போடச் சொன்னதே நீங்கள்தான் ஐயா! அந்த மிஷினைப் பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு உக்கடம் வரை கொண்டு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏற்றி, கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. போனை நோண்டிக்கொண்டே அவர் சொன்னது: "கையில தெம்பு இருந்தா எல்லாம் வெட்டும்ணா." மிஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இருபது வருடமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறவனிடம் தெம்பைப் பற்றிப் பேசுகிறார்.

தெம்பு பிரச்சினை இல்லை, கிளியரன்ஸ் பிரச்சினை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பிளேடுகளுக்கு நடுவே இடைவெளி தகட்டுக் கனத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு இருக்கலாம். 1.2 மி.மீ. தகட்டுக்கு 0.12 மி.மீ. தாண்டக் கூடாது. நான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். பிவட் (பிளேடு சுழலும் அச்சு) பக்கம் 0.1 இறுக்கமாகப் போகிறது, நுனியில் 0.4 தாராளமாக நுழைகிறது. நட்டை இறுக்கினால் கைப்பிடிதான் நகர மறுக்கிறதே தவிர நுனி அப்படியே இருக்கிறது. பிளேடு உட்காரும் காஸ்டிங் (வார்ப்பு) சமமாக இல்லை என்று அர்த்தம்.

இன்னொருவர் போனில், 3 மி.மீ. என்பது எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டுக்கு மட்டும் என்றார். சரி. அப்படியானால் அதை ஏன் பெட்டியில் அச்சடிக்கவில்லை? எஸ்.எஸ். வலுவானது, வெட்ட வெட்ட இறுகும் என்பது எனக்கும் தெரியும். மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தாலும் 2 மி.மீ. வெட்ட வேண்டும். 16 கேஜ் 1.6 மி.மீ.தானே? எம்.எஸ்ஸில்கூட ஓரமெல்லாம் பிசிறு, கையைக் கிழிக்கிறது.

இதனால் கொப்பரைக் களத்துக்காரர் ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு ஆர்டர் மட்டுமல்ல, அவர் மூலம் வரவேண்டிய அத்தனையும் போச்சு. லட்சக்கணக்கில் நட்டம். பொள்ளாச்சி முழுக்க என் பெயர் கெட்டுவிட்டது.

உங்கள் நிறுவனத்தின் மேல் மரியாதை வைத்துத்தான் இன்னும் பொறுமையாக எழுதுகிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. ஜி.எஸ்.டி. பில் போட்டதால் நான் நுகர்வோரே இல்லை என்று உங்கள் ஆள் ஒருவர் சட்டம் பேசினார். 2019 சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவனும் நுகர்வோர்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிளேடு சீட்டிங் சரியாக மெஷினிங் செய்த வேறு மிஷின் கொடுங்கள், 304-இல் 16 கேஜ் தகட்டை என் எதிரிலேயே வெட்டிக் காட்டுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். பில் நகல், ஃபீலர் கேஜ் வைத்து எடுத்த படங்கள் இணைத்துள்ளேன். பழைய மிஷினை எடுத்துப்போக நீங்கள்தான் வண்டி அனுப்ப வேண்டும், இனி நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். வருகிறவர் அந்தத் தெம்புக்காரராக இல்லாமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி