ரத்தம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், சேரன்மகாதேவி பக்கமிருந்து வந்து என் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

"இத வச்சு என்னம்மா பண்ணுவ?" என்று மேலப்பாளையத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டார். வரிசையில் ஆள் நின்றதால் அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் இதோ.

வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் மருந்து ரத்தத்தில் கலந்ததும், சுமார் 90 சதவீதம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் திரிகிற மீதிதான் மூளைக்குப் போய் வேலை செய்யும். அந்த மீதியை அளப்பதுதான் என் ஆய்வு. சத்துக்குறைவாலோ ஈரல், சிறுநீரகக் கோளாறாலோ ஆல்புமின் குறைந்தவர்களுக்கு இந்த மீதி கூடிவிடும். வழக்கமான பரிசோதனையோ ஒட்டியது, ஒட்டாதது இரண்டையும் சேர்த்தே காட்டும். ரிப்போர்ட்டில் அளவு சரியாக இருக்கும், ஆள் தள்ளாடிக்கொண்டிருப்பார்.

உங்கள் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். நடுவே மெல்லிய சவ்வு வைத்த இரண்டு சிறு அறைகள். ஒன்றில் மருந்து கலந்த பிளாஸ்மா, மற்றதில் பஃபர் கரைசல், அதாவது அமிலத்தன்மை எளிதில் மாறாத உப்புக் கரைசல். 37 டிகிரியில் மணிக்கணக்காக ஆட்டினால் ஒட்டாத மருந்து மட்டும் சவ்வைத் தாண்டி வரும். 66 ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கனமுள்ள ஆல்புமின் தாண்டாது. இரு பக்கமும் ஒருநிலைக்கு வந்தபின் கரைசலில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ராத்திரி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு அதனாலேயே தனி நன்றி.

தலைவலி மாத்திரை போட்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். சில தலைவலி மாத்திரைகளில் இருக்கும் ஆஸ்பிரினும் ஆல்புமினில் போய் உட்காரும், பெனிட்டாயினை எழுப்பிவிடவும் செய்யும். பூரிகிழங்கைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் பிளாஸ்மா பால்போல் கலங்கும். அதற்காக வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்த சேரன்மகாதேவி அக்காமாருக்கு என்ன சொல்ல! ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுத்த சிஸ்டருக்கும், நரம்பு கிடைக்காத கைகளோடு அவர் பட்ட பாட்டுக்கும் நன்றி. என் வழிகாட்டிக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன், இங்கே எழுதினால் எழுத்துப்பிழை பார்ப்பார்.

நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் சொன்னபடியே, மிச்சமிருந்த பிளாஸ்மாவை, அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு அழித்தாயிற்று. வேறு எந்தச் சோதனைக்கும் அது போகவில்லை. முடிவை விளக்கமாகக் கேட்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மதியம் லேபுக்கு வாருங்கள், இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டே வரலாம்.

அன்புடன்,
மருந்தியல் ஆய்வு மாணவி,
பாளையங்கோட்டை