பழவேற்காடு ஏரியின் ஆளில்லாத் திட்டுகளைக் கோடையிலும் காத்துத் தாருங்கள்

ஆந்திர, தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தடா பக்கம் ஏரிக்கரையில் வாழும் தமிழ்க் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி தமிழ்நாட்டில். ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் சரணாலயமாயின. அதனால்தான் இந்த மடல் உங்கள் இருவருக்கும்.

இரக்கம் தீவு போல ஊர் உள்ள இடங்களை விட்டுவிடுங்கள். குடியிருப்பு ஏதும் இல்லாத சின்னச் சின்ன மணல் திட்டுகள், சேற்றுத் திட்டுகளுக்காகக் கேட்கிறேன். ஓதம் ஏறினால் ஓரம் மூழ்கும், வற்றினால் விரிந்து கிடக்கும். சூளூர்ப்பேட்டையில் பூநாரைக்கு (ஃபிளமிங்கோ) விழா எடுக்கிறோம், மகிழ்ச்சிதான். ஆனால் பூநாரை இங்கே இரைக்கு வருவது; கூடு கட்ட அது தேடிப் போவது குஜராத்தின் கட்ச் ரண் உப்புச் சமவெளி. ஆலாவும் உப்புக்கொத்தியும் நெடுங்கால் உள்ளானும் இந்த மாதிரித் தரையில்தான் முட்டையிடுகின்றன. கூடென்று ஒன்றுமில்லை, மணலில் ஒரு சின்னக் குழி. முட்டை மணல் நிறம், மிதித்த பிறகுதான் தெரியும். சித்திரை வெயிலில் தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெந்துபோகும். அதற்காகவே உப்புக்கொத்தி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். படம் எடுக்க ஒருவர் அரை மணி நேரம் பக்கத்தில் நின்றால் அந்தப் பாடெல்லாம் வீண்.

திட்டுக்கு வேலி தண்ணீர்தான். ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கோடையில் வற்றுகின்றன. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடலும் உள்ளே வராது. ஏரி சுருங்கினதும் நாயும் மாடும் பைக்கும் திட்டுவரை போகும். கூடு நிறைந்த மாதங்களில்தான் காவல் இல்லாமல் போகிறது. எனவே முகத்துவாரத்தைத் தூர்வாரும் வேலையைப் பறவைக் காப்பு வேலையாகவும் கணக்கில் எடுங்கள், மீனவர் கோரிக்கை என்று மட்டும் ஒதுக்காதீர்கள்.

மார்ச் முதல் ஜூலை வரை கூடுள்ள திட்டுகளில் யாரும் இறங்கக் கூடாது என்று இரு மாநிலமும் சேர்ந்து அறிவியுங்கள். சுற்றிலும் வலை போடுவதைத் தடுக்க வேண்டாம், அது எங்கள் பிழைப்பு. காவலுக்கு மீனவர் குப்பத்து இளைஞர்களையே கூலி கொடுத்து வையுங்கள். எந்தத் திட்டில் எந்தப் பறவை என்று அவர்களுக்குத் தெரியும். எச்சரிக்கைப் பலகை தெலுங்கோடு தமிழிலும் இருக்கட்டும், ஆரம்பாக்கத்திலிருந்து படகில் வருவோர் பெரும்பாலும் தமிழர்கள். அடுத்த மார்ச்சுக்கு முன்பே இதைச் செய்து தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைவாசி ஒருவன்