ஸ்கூல் வேன் அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

சீசர் (சிசேரியன் ஆபரேஷன்) செய்து பிள்ளை பிறந்த பிறகு எனக்கு வந்த தலைவலியும் அதனால் பட்ட பாடும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. பிள்ளையும் நானும் சுகமாக இருக்கிறோம். இதை நான் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன், போன கிழமை இது நடக்கிற காரியமே இல்லை.

முதல் நன்றி ஸ்கூல் வேன் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார், ஆனால் மஸ்கெலியா பக்கம் அவரைத் தெரியாத பிள்ளை கிடையாது. தலையைத் தூக்கினால் பிடரியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கிறது, வாந்தி வருகிறது, படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லை. இவளைத் திரீவீலில் உட்காரவைத்து எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவர் என்ன ஏது என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பார்த்தால், வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். அவற்றை எங்கள் வாசலில் அடுக்கிவிட்டு, "மெத்தையைக் கொண்டாங்க" என்றார். (அந்தச் சீட்டுகளில் ஏறி விளையாடிய வாண்டுகளைத் துரத்துவதே அன்றைக்கு மாமாவுக்கு வேலை.)

அம்மா பிள்ளையோடு முன்னால். என் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து, காலை ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து, மெத்தை வழுக்காமல் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது கரண்ட் கம்பியும் மர உச்சிகளும்தான். ஒவ்வொரு முடக்குக்கும் முன்னால் அண்ணன் சத்தம் போட்டுச் சொல்வார், "தங்கச்சி, வலது பக்கம் திரும்புது, பிடிச்சுக்க." நோர்வூட் வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்டியிருக்க மாட்டார், பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தே களைத்துப்போனது. டீசலுக்காவது காசு வாங்குங்கள் என்றால், "பிள்ளை ஸ்கூலுக்குப் போகட்டும், அப்ப மாசக்காசு வாங்கிக்கிறேன்" என்கிறார். என்ன மனுஷன்!

அப்புறம் மயக்க மருந்து டொக்டர், வார்டு மிஸ்மார், பத்தியச் சோறு கட்டி அனுப்பிய பக்கத்துக் காம்பரா அக்காமார், வேலைக்குப் போகாமல் பெரியவளைப் பார்த்துக்கொண்ட நாத்தனார், உங்கள் எல்லாருக்கும் கோடி நன்றி. பனி இறங்கிவிட்டது, ஜன்னி என்று ஆளுக்கொன்று சொன்ன நேரத்தில், சீசருக்கு மரத்துப்போக முதுகில் போட்ட ஊசியின் துளை வழியாகத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசிகிறது, எழும்பும்போது அதனால்தான் வலிக்கிறது என்று டொக்டர் ஒரு காகிதத் துண்டில் படம் போட்டுக் காட்டினார். இப்போதைய மெல்லிய ஊசியில் இது சிலருக்குத்தான் வருமாம், வந்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தானாகவே போய்விடுமாம். எனக்கு மாத்திரைக்கும் வலி குறையவில்லை, கோப்பிக்கும் குறையவில்லை. கடைசியில் என் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, ஏறக்குறைய 20 மில்லிலீற்றர், முதுகில் அந்த இடத்தில் ஏற்றினார்கள். அது உறைந்து துளையை அடைக்குமாம். அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தார் டொக்டர்: 1898இல் ஜேர்மனியில் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கும் முறையைத் தொடங்கிய ஓகஸ்ட் பியர் என்ற டொக்டரே தன் முதுகில் குத்தச் சொல்லிப் பார்த்து, இதே தலைவலியோடு நாள்கணக்கில் படுத்துக் கிடந்தாராம். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கிளினிக்குக்கு வருகிற தங்கச்சிமாரிடம் இனி நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போவதில்லை. முதுகில் ஊசி போட்ட பிறகு, எழும்பினால் வலித்துப் படுத்தால் விடுகிற தலைவலி வந்தால், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பொறுத்திருக்காதீர்கள், அதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். படுத்தும் விடாத வலி, காய்ச்சல், கண் மங்கல், வலிப்பு என்றால் அது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் போங்கள்.

அண்ணா, சீட்டு போல்ட் ஒன்று குறைகிறது என்று தேடினீர்களே, அது பிள்ளையின் துணிப் பைக்குள் கிடந்தது. காலையில் வேன் வரும்போது இவர் கொண்டுவந்து தருவார்.