நாணயவியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவு செய்தபடி, நம் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை இவ்வாண்டு இடைக்கால ஐரோப்பாவின் மடக்குத் தராசுகளுக்கே ஒதுக்கப்பட்டன.

வைக்கிங் காலத்து வணிகர்களின் மடக்குத் தராசு, நாம் அறிந்த இரட்டைத் தட்டுத் தராசுதான். கோலின் இரு கைகளும் உள்நோக்கி மடங்கும். வெட்டிய வெள்ளித் துண்டுகளையும் திர்ஹம் எனப்படும் அராபிய வெள்ளிக் காசுகளையும் எடைக்கல் இட்டு அதில் நிறுத்தனர். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கிய டம்ப்ரெல் வேறு வகை. அதற்கு எடைக்கல்லே தேவையில்லை. ஒரு முனையில் காசு வைக்கும் சிறு தட்டும் மறுமுனையில் நிலையான பாரமும் கொண்ட கை, கவட்டை போன்ற தாங்கியில் ஆடும். எடை சரியான வெள்ளிப் பென்னியை வைத்தால் தட்டு சாய்ந்து காசு வழுக்கி விழும், குறைந்த காசு அங்கேயே தங்கிவிடும். அக்கால எடையளவான, ஏறத்தாழ 350 கிராம் கொண்ட டவர் பவுண்டுக்கு 240 பென்னி என்பது கணக்காதலால், ஒரு காசின் எடை 1.46 கிராம்தான். அவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சந்தையில் நின்றபடியே காட்டிய இக்கருவியை நான் உளமார மதிக்கிறேன்.

உள்ளூர்ப் பித்தளைப் பட்டறையில் ஒரு மாதிரியைச் செய்வித்தோம். முதலில் அச்சாணி இறுகியிருந்ததால் முழு எடை வில்லைகூட அசையவில்லை. ஆணியை அரம் கொண்டு ராவிய பிறகு, 1.46 கிராம் வில்லை கணீரென மேசையில் விழ, 1.30 கிராம் வில்லை தட்டிலேயே நின்றது. அன்று அரங்கில் எழுந்த கைதட்டலை மறக்க இயலாது.

காசின் ஓரத்தை வெட்டி வெள்ளி திருடுவதே அன்றைய பெரும் தொல்லை. வெட்டு உடனே தெரியும்படி, 1247இல் காசில் பொறிக்கும் சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டினர். எனினும் 1278இல் இதே குற்றச்சாட்டின் பேரில் இங்கிலாந்தின் யூதர்கள் நூற்றுக்கணக்கில் சிறையிடப்பட்டு, அவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர். நாணய வரலாற்றைப் பேசும்போது இதையும் பேசியாக வேண்டும் என்பதால் ஒரு கூட்டம் முழுவதையும் அதற்கே அளித்தோம்.

இத்தராசு எடையை மட்டுமே அறியும். வெள்ளியின் மாற்றை, அதாவது தூய்மையை, அறியாது. எனவே அடுத்த ஆண்டுக்கு உரைகல்லை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம் என்ற ஆட்சிக்குழுவின் பரிந்துரையுடன் இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்