கல்பனா சாவ்லாவைப் பாடமாக வைக்கும் பள்ளிகளுக்கு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் தலைமைப்பண்பு முகாம் நடத்துவோருக்கும் வணக்கம்.

ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு முகாம் என்றால் கல்பனா சாவ்லா பெயர் வந்துவிடுகிறது. தமிழக அரசும் சுதந்திர நாளில் துணிவுக்கான விருதை அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஆனால் முகாம்களில் பெரும்பாலும் இரண்டு காட்சிகளோடு நிறுத்திக்கொள்கிறோம்: கர்னாலில் கனவு கண்ட சிறுமி, 2003 பிப்ரவரி 1 அன்று அவரோடு சிதறிய கொலம்பியா விண்கலம். நடுவில் கிடக்கும் ஆண்டுகள்தான் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உதவும்.

முதலில் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போடுங்கள். 1982 சண்டிகரில் விமானப் பொறியியல் பட்டம், 1984 டெக்சாஸில் முதுநிலை, 1988 கொலராடோவில் முனைவர் பட்டம், பிறகு காற்றோட்டத்தைக் கணினியில் ஆராயும் வேலை, 1994 இறுதியில் நாசாவில் விண்வெளி வீரராகத் தேர்வானது, 1997 நவம்பரில் முதல் பயணம். முதல் பட்டத்துக்கும் முதல் பயணத்துக்கும் நடுவே 15 ஆண்டுகள். தங்களுக்கு அந்தந்த இடைவெளியில் என்ன வயதாகும் என்று பிள்ளைகளே கோட்டின் கீழ் எழுதட்டும். பத்து நிமிடம் போதும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது அந்த முதல் பயணத்துக்கு. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விட்டவர் கல்பனா. விடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டிய ஒரு தொடக்கக் கட்டளை அதற்குப் போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோள் திரும்ப வேண்டியபடி திரும்பவில்லை. மறுபடி பிடிக்க முயன்றபோது பிடி கிடைக்கவில்லை, கை விலகியதில் அது சுழலவும் தொடங்கியது. வின்ஸ்டன் ஸ்காட்டும் தக்காவோ டோயியும் சில நாள் கழித்து விண்நடை சென்று அதைக் கைகளாலேயே பிடித்தார்கள். விசாரணை கல்பனா தலையில் பழியைக் கட்டவில்லை. மென்பொருள் இடைமுகத்திலும், குழுவுக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் வகுத்திருந்த செயல்முறையிலும் குறை இருந்ததைக் காட்டியது. 2000-இல் அடுத்த பயணத்துக்கு அவர் தேர்வானார்.

கட்டளை சரியாகப் போய்ச் சேராத இந்தச் சிக்கலை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஆறு பேர் ஒரு குழு, நடுவே ஒரு துணித்திரை. இருவர் தரைக் கட்டுப்பாடு. 12 கட்டளைகள் எழுதிய தாள் அவர்களிடம். மூவர் விண்கலம்; கேட்டபடி வரைய வேண்டும். ஒருவர் பார்வையாளர். ஏழாவது கட்டளையை வேண்டுமென்றே "சதுரத்தின் மேல் ஒரு வட்டம்" என்று எழுதுங்கள். சதுரத்துக்கு மேற்புறமா, சதுரத்தின் மீதேயா? பல குழுக்கள் இங்கேதான் பிரியும். முதல் சுற்று 15 நிமிடம். இரண்டாம் சுற்றில் வேறு படம், அதே மாதிரி இருபொருள் தரும் ஒரு கட்டளை. ஆனால் கேட்ட ஒவ்வொரு கட்டளையையும் திருப்பிச் சொன்ன பிறகே வரைய வேண்டும். பிறகு அரை மணி நேரப் பேச்சு. இந்த அரை மணியை வெட்டினால் மிஞ்சுவது வெறும் விளையாட்டுத்தான்.

எங்கே கெட்டுப்போகும்? சத்தமாகப் பேசும் பிள்ளையே தலைவராகிவிடும். சீட்டுக் குலுக்கிப் பொறுப்பு கொடுங்கள், இரண்டாம் சுற்றில் மாற்றுங்கள். பார்வையாளர் பெயர்களைக் குறித்தால் பேச்சு குற்றப்பத்திரிகையாகிவிடும். கட்டளை எண்ணும் காதில் விழுந்த சொல்லும் மட்டும் போதும். ஆசிரியர் ஏழாவது கட்டளையில் குறுக்கிட்டால் எல்லாம் பாழ். பொறுத்திருங்கள்.

கொலம்பியாவை இதற்குப் பின்னரே எடுங்கள். மரணத்தை முதலில் சொன்னால் பிள்ளைகள் கைகூப்பிவிடுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். சிதறும் காணொளி வேண்டாம். ஏவிய 82-ஆவது நொடியில் முக்கால் கிலோ அளவுள்ள நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமென்று பொறியாளர்கள் கேட்டார்கள், படம் எடுக்கப்படவில்லை. நுரைக்குச் சமமான காரணம் நாசா அமைப்பின் பண்பாடு என்றது விசாரணைக் குழு. இங்கே பிள்ளைகளிடம் கேளுங்கள்: சற்றுமுன் உங்கள் குழுவில் "புரியவில்லை" என்று சொன்னவர் யார்? அவர் பேச்சை யார் கேட்டீர்கள்?

முடிவில் "என் கனவு" கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். பக்கத்து இலையைப் பார்த்து எல்லாரும் விண்வெளி வீரர் ஆகிவிடுவார்கள். அடுத்த ஆறு மாதத்தில் கற்கப்போகும் ஒரு திறமை, அதைச் சொல்லித்தரக்கூடிய ஒருவர், அவரைப் போய்ப் பார்க்கும் தேதி, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் வகுப்பாசிரியர் கேட்க வேண்டும்.

அன்புடன்,
பள்ளிகளில் அறிவியல் பயிலரங்கு நடத்தும் ஆசிரியர்கள்