ட்ராயிங் சாருக்கு, திருப்பித் தராத புக்க பத்தி

சார் வணக்கம். நல்லா இருக்கீகளா, கண்ணு ஆபரேஷன் ஆச்சுன்னு தம்பி சொன்னான், இப்ப எழுத்து தெரியுதா? தெரியலன்னா பேரன வாசிக்கச் சொல்லுங்க.

ஒன்பதாப்பு படிக்கிறப்ப உங்க பீரோல இருந்து லலித் கலா கன்டெம்பரரிங்குற ஓவியப் பத்திரிகை ஒன்னு வாங்கிட்டுப் போனேன்ல, அது இன்னும் என்கிட்டதான் இருக்கு. நீங்க கேக்கவே இல்ல, நானும் குடுக்கல. மெட்ராஸ் போறப்பல்லாம் கிரீம்ஸ் ரோட்டு லலித் கலா அகாடமில பழைய இதழா பொறுக்கி வாங்கி ரயில்ல மடியிலயே வச்சு தேவிபட்டினம் வரைக்கும் கொண்டாருவீகனு உங்க வீட்டம்மா சொல்லும், அதுல ஒன்னத்தான் நான் அமுக்கிட்டேன். நம்ம ஊரு உப்புக்காத்துல பின்னெல்லாம் துருவேறி பொடியா போச்சு, அத பிடுங்கிப் போட்டுட்டு வலைக்குப் போடுற நரம்ப வச்சு தச்சிருக்கேன், பாக்க ஒரு மாதிரி இருக்கும், கோவிச்சுக்காதீக.

அத டெல்லிக்காரன் புக்குன்னு சொல்லுவீக. ஒரு வகைல சரிதான், அரசாங்கத்தோட கலை அமைப்பான லலித் கலா அகாடமி 1954ல டெல்லில ஆரம்பிச்சது, மொதல்ல பழைய கலைக்குன்னு ஒரு பத்திரிகை போட்டாக, இப்ப வரையிறவங்களுக்குன்னு இந்த கன்டெம்பரரி 1962ல வந்துச்சு. ஆனா சார், அத ரொம்ப காலம் எடிட் பண்ணுன ஜெயா அப்பாசாமி மெட்ராஸ்ல பொறந்த அம்மா! 1918ல பொறந்து, சாந்திநிகேதன்ல படிச்சு, சீனாவுக்கும் போய் படிச்சு, டெல்லில வாத்தியாரா இருந்தவக. தஞ்சாவூர் மராட்டியர் காலத்து ஓவியம், கண்ணாடில வரையிற படம், இதுக்கெல்லாம் தனித்தனியா புக்கு எழுதிருக்காக. நீங்க எங்கள ராம்நாட் அரமனை ராமலிங்க விலாசத்துக்கு கூட்டிட்டுப் போயி சேதுபதி தஞ்சாவூர் மராட்டியர்களோட சண்டை போடுற சுவத்துப் படத்த காமிச்சு, குதிரைக் கால எண்ணுங்கடான்னு சொன்னீகள்ல, அந்த அம்மா அங்க வந்து நின்னிருந்தா நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் நகந்திருக்க மாட்டீக.

இன்னொன்னு. டெல்லில அது வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1961ல, மெட்ராஸ்ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட ப்ரோக்ரஸிவ் பெயின்டர்ஸ் அசோசியேஷன் ஆளுகளும் ஆர்ட்ரெண்ட்ஸ்னு ஒன்னு கொண்டு வந்துட்டாக. மெல்லிசா ஒரு புல்லட்டின், அவ்வளவுதான். ஆனா ஓவியனே எழுதி ஓவியனே போட்டது. அதே ஆளுகதான் 1966ல ஈஞ்சம்பாக்கத்துல எடம் வாங்கி சோழமண்டலம்னு ஓவியருங்க கிராமம் கட்டுனாக, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செஞ்சு வித்து வயித்தப் பாத்துக்கிட்டு படம் வரைஞ்சாக. அதே வருஷம் டெல்லில ஓவியர் சுவாமிநாதன் கான்ட்ரா 66னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு, ரொம்ப நாள் ஓடல, ஆனா காரமா இருக்கும்.

எனக்கு இதுல எல்லாத்தையும் விட பிடிச்சது பரோடாகாரங்க கததான். ஓவியருங்க குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் சேந்து 1969ல விருச்சிக்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாக, நம்ம விருச்சிகந்தான், தேளு. உள்ள லினோகட் பிரிண்ட்டெல்லாம் வச்சு குடுத்திருக்காக, ரப்பர் செருப்ப வெட்டி எங்கள அச்சு எடுக்க வச்சீகளே கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்தத் தேளு யாரக் கொட்டுச்சுன்னு நெனைக்கிறீக, அகாடமியத்தான். கமிட்டில யாரு இருக்கா, யாரு படத்த எடுக்குறாக, ஓட்டு யாருக்குன்னு பக்கம் பக்கமா கேள்வி, அகாடமி மூணு வருஷத்துக்கு ஒருக்கான்னு நடத்துன டிரினாலே கண்காட்சிய 1971ல நெறைய பேரு புறக்கணிச்சாக, அந்தக் காலத்துலதான் அரசாங்கமும் நீதிபதி கோஸ்லா தலைமையில கமிட்டி போட்டு விசாரிச்சுச்சு. பத்திரிகை 1973ல நின்னுருச்சு. நாலு வருஷந்தான்! இதுல ஒரு வேடிக்கை, அந்த டிரினாலேய 1968ல ஆரம்பிச்சு வச்ச அகாடமி தலைவர் முல்க் ராஜ் ஆனந்த், 1946லயே மார்க்ங்குற கலைப் பத்திரிகைய தொடங்குனவரு. பத்திரிகைக்காரன பத்திரிகைக்காரனே கொட்டிருக்கான்.

உங்க படம் ஒன்னு ஒரு கண்காட்சில இருந்து பிரிக்காமயே திரும்பி வந்துச்சுல்ல, கட்டுன சணல் கூட அப்படியே இருந்துச்சுன்னு சொன்னீக. அதான் இதெல்லாம் உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு. அப்ப இது தெரிஞ்சிருந்தா நம்மளும் ராம்நாட்ல சைக்ளோஸ்டைல் எடுத்து ஒரு நண்டாவது விட்டிருக்கலாம். நெசமாத்தான் சொல்றேன், நண்டுன்னே பேரு வச்சிருப்பேன்.

சரி, மிச்ச தப்பையும் சொல்லிடறேன். அந்தப் புக்குல ஒரு பக்கம் இருக்காது. பணிக்கரோட சொற்களும் குறியீடுகளும் வரிசைப் படம் ஒன்னு, கருப்பு வெள்ளைல, கட்டங்கட்டமா, எழுத்து மாதிரி இருக்கும் ஆனா எந்த பாஷையும் இல்ல. நான்தான் கிழிச்சு சுவத்துல ஒட்டுனேன், கொஞ்ச நாள்ல காணாமப் போச்சு. போன மாசம் தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ள பாக்க ஜாதகம் தேடுறோம், அம்மா ட்ரங்க் பெட்டில ஜாதகக் கட்டுக்குள்ள மஞ்சள் தடவி மடிச்சு வச்சிருக்கு சார் அந்தப் பக்கத்த. யாரு ஜாதகம்னு தெரியல, அதான் தூக்கிப் போட மனசு வரலங்குது.

சித்திரைல ஊருக்கு வரேன். புக்கையும் பக்கத்தையும் கொண்டாந்து தரேன், மஞ்சள் மட்டும் போகாது.